ஒற்றை விரலில் தூக்கும் சைக்கிள்

என் வீட்டுக்காரரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். ஓட்டினார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவருக்கு வேர்க்கடலை மொத்த வியாபாரம். விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி ஜீவகன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரெஞ்சு சைக்கிள் ஜீவகன் என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். அதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

எண்பத்தோராம் வருஷம் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரனிடம் அதை வாங்கி வந்தார். அந்த ஆள் தன் ஊரிலிருந்து அதிலேயே மிதித்துக்கொண்டு இந்தியா வந்து சேர்ந்தானாம். அவனுடைய அப்பா காலத்து வண்டியாம். அவன் மிதித்தான், சரி. இவர் எதற்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிய வேண்டும்? வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "இது துருக்கி பாத்த வண்டி, ஈரான் பாத்த வண்டி" என்று ஆரம்பிப்பார். உள்ளே காபி ஆற்றிக்கொண்டே நான் நினைத்துக்கொள்வேன், வண்டி பார்த்தது இருக்கட்டும், இந்த மனுஷன் பக்கத்திலிருக்கிற விக்கிரவாண்டி பார்த்திருக்கிறாரா என்று.

வந்தவர் காபி குடித்து முடிக்கும்வரை பாடம் நடக்கும். இதற்குப் பெயர் டூரிங் சைக்கிள். மூட்டை முடிச்சோடு தேசம் தேசமாகப் போவதற்கென்றே செய்தது. பின்னால் ஐந்து பல்சக்கரம், முன்னால் இரண்டு. குழாயை நகத்தால் சுண்டி, டிங் என்று சத்தம் வந்ததும், "ஸ்டீலுன்னா இதான் ஸ்டீலு" என்பார். நம் ஊர் சைக்கிளெல்லாம் தண்ணீர்க் குழாயில் சக்கரம் மாட்டியதாம். கடைசியில் ஒற்றை விரலை மேல் குழாய்க்கு அடியில் கொடுத்து வண்டியைத் தரையை விட்டுத் தூக்கிக் காட்டுவார். மண்டியில் ஒரு மூட்டையை நகர்த்த ஆள் தேடுகிற மனுஷன் இவர்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வண்டி அழகுதான். கரும்பச்சை நிறம். குழாய்கள் சேருகிற இடமெல்லாம் இலை வெட்டியதுபோல் வேலைப்பாடு, அதன் ஓரத்தில் கையால் இழுத்த மஞ்சள் கோடு. நானே யாரும் இல்லாதபோது அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பாவம், அது என்ன செய்யும், இவர் கையில் வந்து மாட்டிக்கொண்டது.

அதன் டயர் அளவு மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காதாம். டயர் தேயாமல் இருக்க ஒரே வழி ஓட்டாமல் இருப்பது என்று கண்டுபிடித்த மேதாவி இவர். மழை இல்லை, புழுதி இல்லை, வெயில் ஏறவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவார். வந்ததும் ஒரு மணி நேரம் துடைப்பார். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி இலைவேலைப்பாட்டுக்குள் விட்டு நோண்டுவார். எனக்குக் காது குத்தியபோதுகூட என் அம்மா அவ்வளவு பதமாகத் துடைக்கவில்லை.

சைக்கிள் சீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம், வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டோம். தோல் ஆகாது என்று இவர் கட்டுவது ரெக்சின் பெல்ட், போடுவது ரப்பர் செருப்பு. அப்படிப்பட்டவர் செம்பு ஆணி அடித்த மாட்டுத்தோல் சீட்டை மெழுகு போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் அந்த மாடு நாம் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனதாம், அந்தப் பாவம் நம்மைச் சேராதாம். ஒரு மகானைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து பதினோரு வருஷம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து அந்த அட்டையே நைந்துபோயிருந்தது. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள பால்வாடிகளைப் போய்ப் பார்க்கிற வேலை. பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் திண்டிவனம் ஆபீசில் நேரில் வந்து சேராவிட்டால் உத்தரவு ரத்து என்று கடைசி வரியில் அடித்திருந்தார்கள். எனக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது. அதன் பிறகு பெயரே பட்டியலில் இருக்காது. சந்திரவதி என்று என் பெயர் போட்டு வந்த ஒரே காகிதம் அதுதான். அதுவரை கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதிலும் என் பெயரை யாரும் அச்சடித்ததில்லை.

பன்னிரண்டாம் தேதி பிடித்த மழை பதினான்கு ராத்திரிதான் விட்டது. விக்கிரவாண்டி தாண்டி ஓர் ஏரி உடைந்து ரோட்டின் மேல் தண்ணீர் போகிறது, பஸ் இல்லை என்றார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். பதினைந்தாம் தேதி காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாடகை சைக்கிள் கடை சவுரிராயன்தான், இடுப்பளவுத் தண்ணீர்தான், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கடக்கிறார்கள் என்று சொன்னார்.

எனக்கு உயிர் வந்தது. வீட்டில்தான் தேசம் தாண்டின வண்டி நிற்கிறதே, ஒற்றை விரலில் தூக்குகிற வண்டி! நான் சின்ன வயசிலேயே அண்ணன் சைக்கிளில் ஓட்டக் கற்றவள். அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நான் ஏதோ அவருடைய கிட்னியைக் கேட்டுவிட்டதுபோல ஆகிவிட்டார்.

கியர் உனக்குத் தெரியாது என்றார். ஒரு கம்பி உடைந்தால் இந்தியாவிலேயே கிடையாது என்றார். புடவை சிக்கிவிடும் என்றார். அந்தக் கடைசிக் கவலை எனக்காக என்று ஒரு நிமிஷம் நம்பினேன். புடவை சிக்கினால் சக்கரத்தின் பல் வளைந்துவிடும் என்று அடுத்த வாக்கியத்திலேயே விளக்கிவிட்டார். பிறகு என் கண்ணைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, நீ வாடகை சைக்கிள் எடுத்துக்கொள், நான் என் வண்டியில் திண்டிவனம் வரை துணைக்கு வருகிறேன் என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் சவுரிராயன் கடையில் ஒரு கட்டைச் சைக்கிளை எடுத்துவந்து வாசலில் நிறுத்தியபோது மணி எட்டு. இவர் கிளம்பியபோது பத்தரை. நடுவில் சங்கிலிக்கு எண்ணெய், டயரில் காற்று, தோல் சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை, அந்தப் பைக்கு மேல் இன்னொரு பை. காற்றடிக்கிற பம்பைத் தன் வண்டியில் மாட்டினால் பெயிண்ட் உரசும் என்று என் கேரியரில் வைத்துக் கட்டினார். அது என் வண்டி வால்வுக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஜல்தி ஜல்தி என்று நான் வாசலில் நின்று தவித்தேன். வழியிலும் பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளினார், சேறு வந்தால் தூக்கினார். நான் முன்னால் போய்ப் போய் நின்று காத்திருந்தேன். உடைப்புக்கு வந்து சேர மணி ஒன்றாகிவிட்டது.

ரோடு ஒரு நூறடிக்குத் தண்ணீருக்குள் போயிருந்தது. இந்தப் பக்கப் புளியமரத்துக்கும் அந்தப் பக்கப் புளியமரத்துக்கும் கயிறு கட்டியிருந்தார்கள். மல்லாட்டை மூட்டையோடு ஒருவர், பால் கேனோடு ஒருவர், குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு பெண், எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பூமாலை என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சைக்கிள்களைத் தலையில் வைத்துக் கடத்திவிட்டுக்கொண்டிருந்தார். இவருடைய வண்டியைப் பார்த்ததும் அவருக்கே ஆசை வந்துவிட்டது. இத இப்பிடிக் குடு சாமி, ஒரு சொட்டு படாம கொண்டுபோய் வைக்கிறேன் என்றார்.

இவர் வண்டியை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டார். தூக்கத் தெரியாமல் தூக்கினால் பிரேக் கம்பி வளையுமாம். சரி, நீங்களே தூக்குங்கள், பதினோரு கிலோதானே என்றேன். கால் வழுக்கினால் என்ன ஆவது என்றார். யாருக்கு என்ன ஆவது என்று நான் கேட்கவில்லை, எனக்கு விடை தெரியும். அப்படியானால் வண்டியை இந்தப் புளியமரத்தில் பூட்டிவிட்டு வாருங்கள், என் வண்டியில் ஆளுக்குக் கொஞ்ச தூரம் மிதித்துப் போகலாம் என்றேன். நடுரோட்டில் பிரெஞ்சு வண்டியை விட்டுவிட்டு வருவதா என்று என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மணி ஒன்றேகால். இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

எல்லாச் சாக்கும் தீர்ந்ததும் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார் பாருங்கள்.

"இந்தத் தண்ணியில எத்தினி ஜீவன் மெதந்துக்கினு போவுது பாரு, சந்திரா. நாம பொறந்த கொலத்துக்கு அத்த மெதிச்சிக்கினு போறது பாவம். நாளைக்கித் தண்ணி வடிஞ்சதும் போலாம்."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. நானும் அதே குலத்தில் பிறந்தவள்தான். எறும்பு வரிசையைக் கண்டால் காலை எடுத்து வைக்கிறவள்தான். என் தர்மத்தை எடுத்து இந்த மனுஷன் அந்தச் சைக்கிளுக்கு உறை தைக்கிறாரே!

"அப்ப நீங்க இத்தினி தூரம் குந்திக்கினு வந்தது இன்னாங்க, வாழைமட்டையா? மாட்டுத் தோலு," என்றேன்.

பூமாலை சிரித்துவிட்டார். பிறகு பெரிய மனுஷத்தனமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கட்டை வண்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். நான் உத்தரவைப் பிளாஸ்டிக் உறையோடு ஜாக்கெட்டுக்குள் செருகினேன். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன்.

தண்ணீர் முதலில் முழங்கால், பிறகு தொடை, பிறகு இடுப்பு. பயமாக இருந்தது. காலுக்கு அடியில் தார் பெயர்ந்து ஜல்லி உருண்டது. பாதி தூரத்தில் ஒரு கால் இழுபட்டு, கயிற்றில் தொங்கி, வாய்க்குள் அந்தத் தண்ணீர் போயே போய்விட்டது. வடிகட்டாத தண்ணீர். துப்பினேன். அப்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "சந்திரா, நில்லு, நில்லு" என்று அலறினார். சத்தியமாகச் சொல்கிறேன், வருகிறார் என்றுதான் நினைத்தேன். வண்டியைக் கீழே போட்டுவிட்டு இறங்கிவிட்டார் என்றே நினைத்துத் திரும்பினேன்.

கரையில் அதே இடத்தில், வண்டியை இடுப்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"பம்பு," என்றார். "கேரியர்ல என் பம்பு இருக்கு. குடுத்துட்டுப் போ."

பூமாலை என் முகத்தைப் பார்த்தார். அக்கரை போனதும் அதை அவிழ்த்துப் பூமாலையிடமே கொடுத்து, அவரிடம் சேர்த்துவிடுங்கள் அண்ணே என்றேன். பூமாலை இடுப்புத் தண்ணீரில் பம்பை உயரப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனதைப் பார்த்தேன். இவர் அதை வாங்கியதும் முதலில் வேட்டி முனையால் துடைத்தார். பிறகு பிரெஞ்சு வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு விழுப்புரம் பக்கமாக நடந்தார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டு மிதிக்க ஆரம்பித்தேன்.

எதிர்க்காற்று. ஈரப் புடவை காலைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு மிதிக்கும் இழுத்தது. சங்கிலி நான்கு தடவை கழன்றது, நான்கு தடவையும் நானே மாட்டினேன். அழுதேனா என்று கேட்டால், அழுதேன். நின்று அழ நேரமில்லை, மிதித்துக்கொண்டே அழுதேன். அந்தத் தண்ணீர்க்குழாய் வண்டி தடதடவென்று ஆடியதே தவிர என்னைக் கீழே போடவில்லை.

திண்டிவனம் ஆபீசுக்குள் நுழைந்தபோது நாலே முக்கால். ஹெட் கிளார்க் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என் கோலத்தைப் பார்த்து, எங்கிருந்தம்மா வருகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் மறுபடி பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். உத்தரவு ஓரங்களில் நனைந்திருந்தது, பெயர் நனையவில்லை. பெயர், படிப்பு, பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். கணவர் பெயர் கேட்டார். ஜீவகன் என்றேன், எழுதிக்கொண்டார்.

இந்த வேலைக்குப் பெருமுக்கல் வரைக்கும் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும், சொந்த சைக்கிள் இருந்தால் அதற்கு அலவன்ஸ் உண்டு, அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"வூட்ல சைக்கிள் இருக்குதாம்மா?"

"இல்லீங்க சார்," என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். அது வாடகை வண்டி என்றேன். நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, ஒருமுறை எழுதினால் மாற்றுவது கஷ்டம் என்றார். பதினோரு வருஷம் காத்திருந்தவளுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"எங்க வூட்ல சைக்கிளே கெடையாதுங்க சார். எழுதிக்கோங்க."

கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிப் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.