அக்கா கையை எடுத்தபோது

1

இந்தக் கதை எனக்கு எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு ஆற்றங்கரையில் கிடைக்கிறதாம். என் ராசி இப்படி. அந்த ஃபிரிட்ஜ் கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. (ஒருநாள் அது சமையலறையை விட்டுக் கிளம்பி, வாசல்வரை வந்து செருப்பைத் தேடியது என்று எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரி படித்துவிட்டு, "வாசல் வரைக்கும் எல்லாம் வரல" என்றாள். செருப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.)

பழுது பார்க்க வந்த மெக்கானிக், அதன் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, மோட்டாரின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"என்ன, ஜுரம் அடிக்குதா அதுக்கு?" என்றேன்.

"எங்க அக்காவும் இப்படித்தான் சார் கை வைப்பாங்க. ஆனா மனுஷங்களுக்கு" என்றார்.

அந்த ஒரு வரிக்காக அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் அவர் மீதியைச் சொன்னார். அதற்குக் கை கால் வைத்தது மட்டும் நான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அக்காவின் உள்ளங்கையில் அத்தனை சூடு. அவர் ரெய்கி கொடுக்கும் மாடியறைக்குக் கீழே ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தவர், மேலே ஆள் வந்து படுத்தாலே தன் சரக்கு இளகிவிடுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம்..."

இதோடு நிறுத்தி, எழுதியதை அடித்துவிட்டேன். பொய் என்பதால் இல்லை. பொய்யோடு எனக்கு நெடுநாள் பழக்கம். உண்மை இதைவிட விநோதமாக இருந்தது, அதுதான் சங்கடம்.

ரெய்கி என்று அக்கா செய்வது இவ்வளவுதான். உடுத்திய துணியோடு ஒருவர் கட்டிலில் படுப்பார். அக்கா தலைமாட்டில் நின்று உள்ளங்கைகளை அவர் தலையில் வைப்பார், பிறகு தோளில், வயிற்றில். சில இடங்களில் தொடாமல் கொஞ்சம் மேலேயே நிறுத்துவார். பிடித்துவிடுவது கிடையாது, தைலம் கிடையாது. யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் கிடையாது. கை மட்டும்தான்.

அந்தக் கைக்குக் கீழே படுத்தவர்கள் சொன்னதைக் கேளுங்கள். பஸ் ஓட்டுநர், தன் வலது கால் பிரேக்கை விட்டு மெல்ல எழுந்தது என்றார். கட்டிலில் ஏது பிரேக்? ஆனால் அவர் கால் அன்றுவரை அதன்மேல்தான் இருந்திருக்கிறது, தூக்கத்தில்கூட. தையற்காரி, முதுகில் யாரோ பழைய தையலை ஒவ்வோர் இழையாகப் பிரித்தார்கள் என்றார். பள்ளிக்கூட ஆசிரியை குறட்டை விட்டார், எழுப்பியபோது, "யாரு அங்க பேசறது?" என்று அதட்டினார். மருந்துக்கடைக்காரர் மூடிய கண்ணுக்குள் பச்சை நிறத்தைப் பார்த்தார். பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவர் அழுதார். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. அழுது முடித்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று அக்காவின் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

(இங்கே ஓர் உவமை இருந்தது. மழையைப் பற்றியது. எல்லோரும் எழுதுகிற அதே மழை. எடுத்துவிட்டேன்.)

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். எனக்கு அப்படி வைத்துக்கொள்வது சிரமம், இருந்தாலும் வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஒரே கட்டிலில், ஒரே பெண்பிள்ளையின் கைக்குக் கீழே, ஒவ்வொருவரும் வேறு வேறு கைக்குக் கீழே படுத்திருந்தார்கள் என்றல்லவா ஆகிறது? பேனாவை மூடிவிட்டு என் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் இத்தனை வருடமாக மூக்கு சொறியவும் கதை எழுதவும் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன்.

3

தம்பி ஒருவருக்குத்தான் எதுவுமே தெரியவில்லை. (மெக்கானிக்கை இனித் தம்பி என்றே சொல்கிறேன். தலை நரைத்தவர்தான். ஆனால் அக்கா இருக்கும்வரை அவர் தம்பி.) அக்கா கூப்பிடும்போதெல்லாம் வந்து படுப்பார். எல்லோரும் சூடு என்கிறார்களே என்று சூட்டைத் தேடுவார்.

"சூடா இருக்காடா?"

"கை எவ்வளவு சூடா இருக்குமோ அவ்வளவு இருக்கு."

"வேற ஏதாவது?"

"உன் வளையல் குத்துது."

அதற்குள் சட்டைப்பையில் போன் அடிக்கும். எங்கோ ஒரு கடையில் குளிர்ப்பெட்டி நின்றுபோய்ச் சரக்கெல்லாம் நாறப் போகிறது என்று ஒருவர் கத்துவார். தம்பி பாதியில் எழுந்து, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அக்காவின் இரண்டு கைகளும் ஆளில்லாத தலையணைக்கு மேலே நிற்கும்.

"உன்னை அம்மா பெத்தாங்களா, இல்ல ஃப்ரீசர்ல இருந்து எடுத்தாங்களாடா?"

இந்தப் போனை மறந்துவிடாதீர்கள். (நல்ல எழுத்தாளன் இப்படி விரலை நீட்டிக் காட்டமாட்டான். எனக்கு வயதாகிவிட்டது. நீங்கள் மறந்தால் மறுபடி சொல்ல மூச்சு இல்லை.)

4

அக்காவின் விரல்கள் மரத்துப்போயின. நரம்புக் கோளாறு. உணர்வு திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளத்தைப் பார்த்துத்தான் சூடு என்று தெரிந்துகொண்டார்.

முன்பெல்லாம், கை வைத்தால் அக்காவுக்கும் ஒன்று தெரியும். உள்ளங்கையில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. அது இப்போது இல்லை. இருந்தும், வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் கை வைத்தார். அவர்கள் எழுந்து உட்கார்ந்து, முன்பு சொன்னதையே சொன்னார்கள். அக்காவைப் பயமுறுத்தியது அதுதான்.

"என் கைக்கு ஒண்ணுமே தெரியலடா. ஆனா அவங்களுக்குச் சூடா இருக்காம், பச்சையாத் தெரியுதாம். அப்போ முன்னாடியும் இப்படித்தானா? பாவம், மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"அதை ஏன் என்கிட்ட கேக்குற?"

"என் மனசைப் பத்திக் கவலைப்படாதவன் நீ ஒருத்தன்தான்." அக்கா கட்டிலைத் தட்டிக் காட்டினார். "ஒரு தடவை, முழுசா படு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. நாளைக்கே வாசல்ல இருக்கிற பேர்ப் பலகையைக் கழட்டிடறேன்."

(அக்காவின் கணவர் செத்தாரா, பிரிந்து போனாரா என்று நான் தீர்மானிக்கவில்லை. தம்பி சொல்லவில்லை; டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. அந்த அறை இல்லையென்றால் அக்கா காலையில் எழுந்து தலைவாரிக்கொள்ளக் காரணம் இல்லை. அதை மட்டும் சொன்னார்.)

மறுபடியும் 4

தம்பி படுத்தார். போனை அணைத்தார்.

இங்கே எனக்குக் கை ஓடவில்லை. எழுதிப் பார்த்தவை:

"திடீரென்று ஒரு பேரொளி..."

"அவருடைய முதுகுத்தண்டில் ஒரு நதி..."

யாருடைய நதி? நாள் முழுக்க ஃபிரிட்ஜ் தூக்குகிறவரின் முதுகில் இருப்பது பிடிப்பு.

உண்மையில் நடந்தது, எதுவும் நடக்காததுதான். தலையில் கை. ஒன்றுமில்லை. தோளில் கை. ஒன்றுமில்லை. தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். 'இல்லக்கா' என்பதை எப்படிச் சொன்னால் கொஞ்சமாக வலிக்கும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் ஒரே அளவுதான் வலித்தது. தலைகீழாக அக்காவின் முகவாய் தெரிந்தது, கட்டுப் போட்ட விரல் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா கையை எடுத்தார்.

அப்போது நின்றது.

இனி எனக்கு வேலை இல்லை. அவர் சொன்னது இது:

"ஃபிரிட்ஜ் ஓடுறப்ப வீட்ல யாருக்கும் சத்தம் கேக்காது சார். பழகிப்போயிடும். மோட்டார் கட் ஆகும் பாருங்க, அப்பதான் அட, இவ்வளவு நேரம் ஓடிட்டு இருந்துச்சேன்னு தெரியும். அந்த மாதிரி நின்னுச்சு, உள்ளுக்குள்ள. எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியல. நின்னது தெரிஞ்சுது."

அதற்கு முன்னால் ஒரு தடவைகூட, அக்கா கையை எடுக்கும்வரை அவர் படுத்திருந்ததில்லை. வருவதை உணர்கிறவர்கள் உண்டு; தம்பியின் உடம்பு, போவதை மட்டும் உணர்கிற உடம்பு. அந்த உடம்பைப் படைத்தவன் எதற்காக அப்படிப் படைத்தானோ.

நம்பினால் நம்புங்கள், அவர் சொல்லி முடிக்கவும் எங்கள் ஃபிரிட்ஜின் மோட்டார் நின்றது. (வீட்டுக்காரி இதை மறுக்கவில்லை. நான் அவளிடம் கேட்கவில்லை.) குழாய் சொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ பக்கம் புரட்டுவதுகூடக் கேட்டது. எங்கள் வீட்டுக்குள் இத்தனை பெரிய அமைதி இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

5

"அக்காகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

ஆகவே முடிவு என் தலையில். 'இருக்குக்கா' என்று சொல்லவைத்துப் பார்த்தேன். அக்கா நம்பவில்லை, இவனும் மற்றவர்கள்போல் ஆகிவிட்டான் என்று அன்றைக்கே பலகையைக் கழற்றினார். 'வச்சப்ப ஒண்ணுமில்ல, எடுத்தப்பதான் தெரிஞ்சுது' என்று உள்ளதை உள்ளபடி சொல்லவைத்தேன். நல்ல சமாளிப்பு என்று அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், தம்பி கண்கலங்கி அக்காவின் கைகளைப் பற்றிக்கொள்கிற மாதிரி எழுதி வீட்டுக்காரியிடம் கொடுத்தேன்.

"அந்த ஆளா? கண்ணா கலங்கும்? நம்ம ஃபிரிட்ஜை எத்தனை தடவை போட்டுப் போட்டு அணைச்சுப் பார்த்தாரு. அதையேதான் அங்கயும் செய்வாரு" என்றாள்.

அவள் சொன்னபடியே எழுதினேன்.

"மறுபடி வை" என்றார் தம்பி, கண்ணைத் திறக்காமலே.

வைத்தார்.

"ம். எடு."

எடுத்தார்.

"இன்னொரு தடவை வை. இப்ப எடுக்காத, இருக்கட்டும்."

தனக்கே உணர்வு தெரியாத கையைத் தம்பியின் நெற்றியில் வைத்துக்கொண்டு அக்கா நின்றார். "என்னடா, இருக்கா இல்லையா? சொல்லித் தொலையேன்."

தம்பி சொன்னதை எழுதமாட்டேன். அக்காவின் தெரு எனக்குத் தெரியும். பலகை இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்க்கலாம். கொஞ்ச நாளாக நான் வேறு வழியாகப் போய்வருகிறேன்.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் உடம்பு எப்படிப்பட்டதோ. சூடு தெரிகிற உடம்பாக இருந்தால் முதல் பக்கத்திலேயே ஏதாவது தெரிந்திருக்கும். ஒன்றும் தெரியவில்லையா? அவசரப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள். போன் அடித்தால் அடிக்கட்டும். இவ்வளவு நேரமாக உங்கள் தலைக்குள் ஒரு கிழவனின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கையை எடுக்கிறேன்.