நடுவில் இல்லாத மூட்டைகள்

சூப்பர்வைசருக்குக் குடோனே வைத்த பெயர் சிரிச்ச மூஞ்சி. புதிதாக வந்த ஸ்டோர்காரி யார் வீட்டுப் பெண் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு அன்றைக்கே செத்திருக்கும்.

போன வருஷம் வரை அந்த ஸ்டோரைப் பார்த்தவன் அவளுடைய அண்ணன். பிளாஸ்டிக் குருணை மூட்டை நாற்பது குறைந்தபோது, "கையெழுத்துப் போட்டவனைக் கேளுங்க" என்று கைகாட்டியவன் இந்தச் சூப்பர்வைசர்தான். திருடன் என்று சொல்லி அண்ணனை அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவன் தெருவில் தலைகாட்டவில்லை. யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்குப் போய்விடுவான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் அதே ஸ்டோருக்கு வேலை கேட்டுப் போனாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஏணி போட்டு அடுக்கின்மேல் ஏறினாள். அண்ணன் செய்யாமல் விட்டது அதைத்தான். கீழே நின்றபடி நீளத்தில் ஆறு, அகலத்தில் ஐந்து, உயரத்தில் எட்டு என்று பெருக்கி எழுதுவதுதான் அங்கே வழக்கம். மேல்வரிசையில் இரண்டு மூட்டையைப் புரட்டினாள். அடியில் ஒரு பலகை. பலகைக்கு அடியில் மூன்று மூட்டை ஆழத்துக்கு வெறும் குழி! அடப்பாவி, அண்ணனுக்கு வெட்டின குழியையே எனக்கும் வெட்டுகிறாயா? ஸ்டோரின் இன்னொரு சாவி சூப்பர்வைசரிடம்தான் இருந்தது.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாசக் கடைசியில் இருப்புத் தாளை அவன்முன் நீட்டினாள்.

"சார், எனக்குப் பெருக்கல் வராது. நீங்களே எண்ணிக் கையெழுத்துப் போட்டுடுங்களேன்."

"இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தே?" என்று சிரித்துக்கொண்டே இருநூற்று நாற்பது என்று எழுதிக் கையெழுத்திட்டான். மூன்று மாசம் இதே கூத்து. மூன்றாம் மாசம் குழிக்குள் தரை தெரிந்தது.

அப்புறம்தான் முதலாளியம்மாவிடம் போனாள். "இனிமே ரெண்டு மூட்டை ஆழத்துக்கு மேல அடுக்க வேண்டாம்மா. ஒவ்வொண்ணுலயும் வந்த தேதி எழுதி, பழசை முதல்ல எடுக்கலாம். எல்லா மூட்டையும் கண்ணுக்குத் தெரியும்."

"நல்லதுதானே, எப்ப ஆரம்பிக்கலாம்?"

"இப்பவே. நீங்களும் வாங்க."

சிரிச்ச மூஞ்சி குறுக்கே ஓடி வந்தான். "வேலை நின்னுடும்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்!" யார் கேட்டார்கள்? முன்வரிசையை எடுத்ததும் பலகை தடாலென்று விழுந்தது. முதலாளியம்மா குழியைப் பார்த்தபடி நின்றார்.

"ஸ்டோர் பொறுப்பு இவளோடதும்மா!" என்று கத்தினான்.

அவள் மூன்று தாள்களையும் எடுத்து நீட்டினாள். "கையெழுத்துப் போட்டவனைக் கேளுங்கன்னு போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க சார்?"

"யாருடி நீ?"

"நீங்க திருடனாக்கின ஆளோட தங்கச்சி."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு உள்ளுக்குள் தித்தித்தது. மூட்டைகளை அவனையே தொட்டுத் தொட்டு உரக்க எண்ணச் சொன்னார் முதலாளியம்மா. அவள் அண்ணனுக்கு போன் போட்டு, எண்ணுகிறவன் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே, முதலாளியம்மா நாளைக்கே உன்னை வேலைக்கு வரச் சொல்றாங்க."

"வேலை கிடக்கட்டும். போனை வைக்காதே. அவன் எண்ணி முடிக்கட்டும்."

தொண்ணூற்று நாலில் சிரிச்ச மூஞ்சியின் குரல் கம்மியது.

"காதுல விழல சார்," என்றாள் அவள். "ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க."