காய்ந்திருந்த ஏர் ஃபில்டர்

பனிப்பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை எழிலரசி துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலிலிருந்து அத்தை ஹேமாவதி குரல் கொடுத்தார்.

"எழிலு, கார் சாவி எங்க கீது? மெக்கானிக் வந்துகீறாரு. முனைல வண்டிய நவுத்தலன்னா அமரர் ஊர்தி தெருவுக்குள்ள பூராது."

பெட்டிக்குள் அவளுடைய தந்தை கோதண்டம் கிடத்தப்பட்டிருந்தார். அண்ணனூர் பணிமனையில் முப்பத்தோராண்டுகள் மின்ரயில்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். மனைவியின் மறைவுக்குப் பின் ஆறு ஆண்டுகளாக மேனாம்பேட்டில் மகள் வீட்டில் இருந்தார். முந்தைய நாள் முற்பகலில், கடும் மழையில், அவருக்கு நெஞ்சுவலி வந்தது. எழிலரசி அப்போது பூந்தமல்லியில் அலுவலகத்தில் இருந்தாள். மருமகன் கிருபாகரன்தான் அவரைக் காரில் படுக்கவைத்துப் புறப்பட்டார். தெருமுனைக்கு அப்பாலுள்ள பள்ளத்தில், வெள்ளத்தின் நடுவே கார் நின்றுவிட்டது என்றும், மாமாவைத் தோளில் சுமந்து மறுபக்கம் சேர்த்து ஆட்டோ பிடிப்பதற்குள் உயிர் பிரிந்துவிட்டது என்றும், பிறகு காரைத் தெருமுனைக்குத் தள்ளிவந்து நிறுத்தியதாகவும் அவர் தெரிவித்தார்.

நேற்று வந்தவர்களிடம் அவர் நீர்மட்டத்தை முழங்காலில் காட்டினார். இன்று காலை அவருடைய கை இடுப்பைத் தொட்டது.

"இன்னா மாப்ளே, சொல்லச் சொல்ல தண்ணி ஏறிகினே போவுது? மத்தியானத்துக்குள்ள எங்க அண்ணன முழுவடிச்சிடுவீங்க போலகீதே" என்றார் ஹேமாவதி.

எழிலரசி சாவியை எடுத்துக்கொண்டு, தானே தெருமுனைக்கு நடந்தாள்.

மெக்கானிக் தங்கராஜ் போனட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"தண்ணில ஆஃப் ஆன வண்டிக்கு அவசரப்பட்டு சாவி போடக் கூடாதும்மா. உள்ள தண்ணி பூந்திருந்தா இன்ஜினே பூடும். தண்ணி இது வழியாத்தான் பூரும், மொதல்ல இத்தப் பாத்துடுவோம்" என்றபடி ஏர் ஃபில்டரைக் கழற்றினார். புரட்டினார். விரலால் அழுத்தினார். தூசு மட்டுமே உதிர்ந்தது.

"இன்னாண்ணே?"

"சொட்டுத் தண்ணி கூட இல்லம்மா. காய்ஞ்சுகீது." ஆயிலையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் முறையிலேயே இன்ஜின் உயிர்பெற்றது. "தானா நின்ன வண்டி மாரி தெர்ல. ஆஃப் பண்ணி நிறுத்தினாப்லகீது."

பின்னிருக்கையில் பிளாஸ்டிக் உறை ஒன்று நான்கு மூலைகளும் சீராக விரிக்கப்பட்டிருந்தது. கார் வாங்கிப் பதினொரு மாதங்களே ஆகியிருந்தன. நெஞ்சுவலியில் துடிப்பவரைப் படுக்கவைக்கும் முன், இதை விரிக்க ஒருவருக்கு நேரம் இருந்திருக்கிறது.

வீடு திரும்பியபோது கிருபாகரன் பின்கட்டில் தனியே வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார்.

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றாள்.

அவர் நிமிரவில்லை. "தெரியும்."

"அப்புறம் எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"மாமாதான் நிறுத்தச் சொன்னாரு."

"நெஞ்சப் புடிச்சுகினு கெடந்த மனுஷனா?"

"'மாப்ளே, எறக்காத. பம்பர் மட்டத்துக்குத் தண்ணி கீது, இன்ஜின் பூடும். ஓரங்கட்டு, நடந்தே போய்க்கலாம்'னாரு. மெஷின் விசயத்துல அவரு பேச்சை நான் என்னைக்கு மீறியிருக்கேன்?"

அது அப்பாவின் பேச்சேதான். அதே இழுப்பு, அதே அதட்டல். ஆனால் அவர் வீட்டில் இல்லாத வேளைகளில் அச்சாக அப்படியே பேசிக்காட்டி, அவளை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவரும் கிருபாகரன்தான்.

"பிளாஸ்டிக் விரிச்சதும் அவர் சொல்லித்தானா?"

"மழைல நனைஞ்சிருந்தாரு, எழில்..." அவர் வேட்டி முடிச்சை இறுக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவர்தான் சொன்னாருன்னு சொன்னா, உங்க அத்தை நம்புவாங்களா? நீ நம்புறியா?"

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. எழிலரசி மாலைகளை எடுக்கச் சென்றாள்.

வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டனர். சுடுகாட்டுக்குப் போகும் வழி அந்தப் பள்ளம்தான்; அதில் நீர் இன்னும் தேங்கியிருந்தது. நேற்றிலிருந்து எவ்வளவு வடிந்தது என்று சொல்ல எவரும் இல்லை. ஓட்டுநர் ஊர்தியை நிறுத்திவிட்டார்.

"ஆழம் தெரியாம எறக்க மாட்டேன் சார். நடுவுல நின்னுச்சுன்னா பொணத்த வெச்சுகினு நான் இன்னா பண்றது?"

ஆண்பிள்ளை இல்லாத வீடாகையால் கொள்ளிச்சட்டி மருமகன் கையில் இருந்தது. கிருபாகரன் புகையும் சட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நீரில் இறங்கி முன்னே நடந்தார். ஊர்தி முதல் கியரில், வேகம் குறையாமல் பின்தொடர்ந்தது. சட்டி தோளுக்கு உயர்ந்தது. பிறகு தலைக்கு மேல் உயர்ந்தது.

"பாத்தது போதும், வா. தலை முழுவணும்" என்று ஹேமாவதி அவள் தோளைத் தொட்டார்.

ஊர்தியின் பின்கதவுக் கண்ணாடி வழியே அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. கிருபாகரனை ஊர்தி முழுவதுமாக மறைத்துவிட்டது. எழிலரசி சாலையின் ஓரத்திற்கு இரண்டடி நகர்ந்து, தலையைச் சாய்த்து, நீர் அவருக்கு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க முயன்றாள்.