உப்பு மாவில் மூன்று ராஜாக்கள்

பரணிலிருந்து கிறிஸ்மஸ் குடில் சுரூபங்கள் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கும்போது அதன் அடிப்பக்கம் நமுத்துப்போயிருந்தது ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியாது. ஸ்டூலின் மேல் நின்றபடி பெட்டியை மார்போடு அணைத்தான். அடி பிய்த்துக்கொண்டது. மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆடு மாடு எல்லாம் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உடைந்தன. கடைசியாக விழுந்த ஒட்டகம் மட்டும் மற்றவர்கள் மேல் விழுந்ததால் ஒரு காதோடு தப்பித்தது.

"டாடி, மாதாவுக்குத் தலை இல்ல," என்றான் ஆண்ட்ரூ. இரண்டாம் வகுப்பு.

"ராஜாவுக்கும் இல்ல," என்றாள் டோரதி. யுகேஜி. குரலில் வருத்தம் துளிகூட இல்லை.

ஸ்தனிஸ்லாஸின் மனைவி டெல்பின் பரீட்சைத் தாள் திருத்தப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். "நான் வர்றதுக்குள்ள குடிலை ஜோடிச்சு வைங்க. எங்க அப்பா குடுத்த சுரூபம், பத்திரம்," என்று வாசலில் ஒரு தடவையும், லிஃப்ட் கதவு மூடும்போது ஒரு தடவையும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாந்தோமில் கோயிலைச் சுற்றி எத்தனையோ கடைகளில் சுரூபம் கிடைக்கும்தான். ஆனால் தன் அப்பா வாங்கிக் கொடுத்த மாதாவின் மூக்கு எப்படி இருக்கும் என்று டெல்பினுக்குத் தெரியாதா என்ன?

"உப்பு மாவுல செய்யலாம் டாடி," என்றாள் டோரதி. "மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. நான் மீன் செஞ்சேன்."

ஸ்தனிஸ்லாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிள்ளைகள் போனைப் பார்க்காமல் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று நாள் தவறாமல் சொல்கிறவள் டெல்பின். பிள்ளைகளே செய்த குடில் என்றால் பழையது எங்கே என்று கேட்கவா போகிறாள்? உடைந்த பரிசுத்தவான்களைத் துணிப்பையில் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "மம்மிகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது," என்றான். இரண்டு தலைகளும் ஆடின.

அதற்குப் பிறகு வீட்டுத் தலைமை டோரதியிடம் போய்விட்டது. ரெண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணி. அளவு சொல்லிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். அவன் தண்ணீரை மொத்தமாக ஊற்றினான்.

"கொஞ்சம் கொஞ்சமா டாடி! மிஸ் திட்டுவாங்க!"

மாவு விரலை விடமாட்டேன் என்றது. மேலும் மைதா, மேலும் உப்பு. கடைசியில் ஒரு குடும்பத்துக்குப் பரோட்டா போடுகிற அளவுக்கு உருண்டை சேர்ந்தது. டோரதி செய்த குழந்தை இயேசு மாதாவைவிடப் பெரிதாக இருந்தது. "பர்த்டே அவருக்குத்தானே?" என்று கேட்டாள். ஆண்ட்ரூ கழுதை செய்கிறேன் என்று சொல்லி டைனோசர் செய்தான். ஸ்தனிஸ்லாஸ் ராஜாக்களை எடுத்துக்கொண்டான். மூன்று பேருக்கும் கிரீடம் வைத்து, அரிசியால் கண் பதித்து முடித்தபோது, பரவாயில்லையே, நமக்கும் கை வருகிறதே என்று தோன்றியது.

அந்த நினைப்பில்தான் அவனுக்கு வெயில் வந்து பொம்மைகள் காயும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் போயிற்று. வெளியே மழை மூட்டம். கேக் செய்கிற ஓவனில் எல்லாரையும் வைத்துச் சூட்டை முழுசாக ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வழியே பார்த்தால் மாதா பூரி போல உப்பிக்கொண்டிருந்தாள். ராஜாக்கள் பொன்னிறமாகச் சிவந்திருந்தார்கள். அவசரமாக வெளியே எடுத்துத் தட்டில் பரப்பினான்.

அப்போதுதான் காலிங்பெல் அடித்தது. மேல் வீட்டு ஹஸன். சைதாப்பேட்டையில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர்; குடிலுக்கு ஸ்தனிஸ்லாஸ் சீரியல் லைட் கேட்டிருந்தான், கொண்டு வந்திருந்தார்.

"இன்னா தம்பி, வாசனை தூக்குது! கிறிஸ்மஸ் பலகாரமா?"

ஸ்தனிஸ்லாஸ் லைட்டை வாங்கிச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்புவதற்குள், வந்தவருக்குச் சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட ஆண்ட்ரூ தட்டை நீட்டிவிட்டான். ஹஸன் இருப்பதில் நன்றாகச் சிவந்த ராஜாவை எடுத்து, தலையைக் கடித்தார்.

முகம் ஒரு தரம் சுருங்கியது. கண்ணில் நீர் கட்டியது. ஆனாலும் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! மென்றார். இன்னொரு கடி கடித்தார். விழுங்கினார்.

"நல்லாக்கீது," என்றார் மெல்ல. "உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

"அங்கிள், நீங்க ஒரு ராஜாவைச் சாப்ட்டுட்டீங்க," என்றாள் டோரதி.

ஸ்தனிஸ்லாஸ் தலையில் கைவைத்தான். விஷயம் தெரிந்ததும் ஹஸன் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "ஐயய்யோ, பிள்ளைங்க செஞ்சதைத் துன்னுட்டனே!" என்று பதறினார். அவன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "நவுரு தம்பி, நானே வேற ராஜா பண்ணித் தரேன்," என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் செய்த ராஜாவுக்குத் தொப்பை வந்தது. தொப்பைக்குப் பொருத்தமாகப் பெல்ட் வேண்டும் என்றார். பெல்ட்டுக்குப் பக்கிள் வேண்டும் என்றான் ஆண்ட்ரூ. நால்வரும் குனிந்து பக்கிளைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

டெல்பின் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டோரதி ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"மம்மி, டாடி மாதாவை உடைக்கவே இல்ல!"

ஹஸன் தொப்பை ராஜாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "கடையைப் பார்க்கணும்," என்று நழுவினார்.

பழைய சுரூபமெல்லாம் எங்கே என்று டெல்பின் கேட்டாள். ஸ்தனிஸ்லாஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து துணிப்பையை இழுத்துக் கொடுத்தான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு, தட்டிலிருந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தாள். சூசையப்பரிடம் வந்ததும் நின்றாள். ஆண்ட்ரூ செய்தது.

"இவரு கையில என்னடா, செங்கல்லா?"

"போன் மம்மி."

டெல்பின் கணவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த போனை மெல்ல உள்ளே அழுத்தினான்.

"சூசையப்பருக்கு எதுக்குடா போன்?"

ஆண்ட்ரூ தங்கையைப் பார்த்தான். டோரதிதான் பதில் சொன்னாள்: "குழந்தை இயேசு பொறக்க சத்திரத்துல இடமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல? வேற எங்கயாவது ரூம் இருக்கான்னு பாக்கறாரு."

டெல்பின் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சூசையப்பரைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "அப்பா குடுத்தது... ஒட்டியாவது பாத்திருக்கலாம்ல?" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. ஸ்தனிஸ்லாஸ் பக்கத்தில் உட்கார்ந்தான். மாவு ஒட்டிய கையோடு அவள் தோளைத் தொட்டான், புடவையெல்லாம் வெள்ளையானது.

"சரி, விடுங்க," என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். "மாடு இல்லாம என்ன குடில்? மாவு எடுங்க, நான் செய்யறேன்."

"மைதா தீந்துபோச்சே."

"அத்தனையுமா? கேக்குக்கு வெச்சிருந்ததா?"

அவன் பதில் சொல்வதற்குள் குடையும் பையும் கைக்கு வந்துவிட்டன. படியிறங்கும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. மேலே ஜன்னலிலிருந்து மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின, உப்பும் வாங்கிட்டு வரச் சொல்லி.