சாட்சி பாட்டில்

சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகும் நாட்களில் அவள் முகத்துக்கு எதுவும் பூசுவதில்லை. புதுத் துணி உடுத்துவதில்லை. துவைத்துத் துவைத்து நிறம் போன பருத்திச் சட்டைதான். மழை கொட்டினாலும் மழைக்கோட்டு போடக் கூடாது. நீர் ஒட்டாத துணி, எண்ணெய் ஊறாத காகிதம், அடிப்பிடிக்காத சட்டி என்று எல்லாவற்றிலும் அவள் தேடிப் போகும் ரசாயனமே இருக்கக்கூடும். திருடனின் சட்டையைப் போட்டுக்கொண்டு திருடனைத் தேட முடியாது.

"சாமியாராப் போயிருந்தா இதைவிட சொகுசா இருந்திருப்பேன் அண்ணே" என்று டிரைவர் அண்ணனிடம் சொல்வாள்.

"சாமியாருக்குச் சம்பளம் ஜாஸ்திம்மா. நமக்கெல்லாம் கிடைக்குமா?" என்பார் அவர்.

வண்டியில் கிணற்று நீருக்கான பாட்டில்களோடு எப்போதும் இன்னொரு ஜோடியும் போகும். ஒன்றில் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த தூய நீர், மற்றது காலி. மாதிரி எடுக்கிற இடத்திலேயே, அதே காற்றில், அதே கைகளால் முதலாவதைத் திறந்து இரண்டாவதில் ஊற்றி மூட வேண்டும். பிறகு அதையும் சோதிப்பார்கள். அதில் எதுவும் தென்படக் கூடாது. தென்பட்டால், கிணற்றில் கண்டதும் எடுத்தவர் கையிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று ஆகிவிடும். அன்று எடுத்த அத்தனையும் வீண். அலுவலகத்தில் அதை சாட்சி பாட்டில் என்பார்கள்.

அவள் அக்காவின் வீடு தீயணைப்புப் பயிற்சி மைதானத்துக்குப் பின்தெருவில் இருந்தது. அந்த மைதானத்தில் வருடக்கணக்காக எண்ணெயைக் கொளுத்தி, நுரை அடித்து அணைத்துப் பழகினார்கள். நுரை மண்ணில் இறங்கியது. நடத்திய நிறுவனம் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. நுரையில் இருந்த அந்த ரசாயனம் போகவில்லை. அது மக்குவதில்லை, காய்வதில்லை, அவசரப்படுவதுமில்லை. நிலத்தடியில் மெல்ல நடந்து, தெருவிலிருந்த ஆழ்துளைக் கிணறுகளைத் தேடி வந்துகொண்டிருந்தது என்று அவள் நினைத்துக்கொள்வாள். சில சமயம் அதற்கு ஒரு முகம்கூடத் தோன்றும்; களைத்த, பொறுமையான முகம், கண்ணாடியில் தெரியும் தன்னுடையதைப் போலவே.

அந்தத் தெருவில் மாதிரி எடுக்கும் வேலை அவளுக்கே வந்தது. சொந்தக்காரர் வீட்டுக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி அலுவலகத்தில் கேட்டாள். வேறு யாரும் இல்லை.

முதல் தடவை போனபோது மற்ற வீடுகளை முடித்து அக்கா வீட்டுக் கொல்லைக் குழாய்க்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விடியலிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள். விரல்கள் விறைத்திருந்தன. கிணற்று நீரைப் பிடித்து மூடினாள். சாட்சி பாட்டிலைத் திறக்கும்போது தலைக்கு மேல் மழை சட்டென்று நின்றது. அக்காவின் கணவர் தன் புது மழைக்கோட்டைக் கழற்றி, இரண்டு கைகளாலும் கூரை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார்.

"தள்ளிப் போங்க மாமா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு நிமிடம் யாரோ அவளுக்காக நின்றார்கள். கோட்டின் விளிம்பிலிருந்து துளிகள் உருண்டு விழுவதைப் பார்த்தபடியே ஊற்றி மூடினாள்.

ஆய்வக மேலாளரை எல்லோரும் புள்ளி சார் என்பார்கள். எதைக் கேட்டாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத்தான் முதலில் சொல்வார். பல வாரம் கழித்து அவளைக் கூப்பிட்டார்.

"சாட்சில இருக்கு."

"எவ்வளவு சார்?"

"துளியூண்டு. ஆனா இருக்கு."

"கிணத்துல?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்தத் தெருவில் தப்பிய வீடே இல்லை. அக்கா வீட்டு அளவை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இது மலை சார். மலையிலேர்ந்து துளியைக் கழிச்சா மலைதானே மிஞ்சும்?"

"நமக்கு மிஞ்சும். மைதானத்துக் கம்பெனி மேல போட்ட கேஸ்ல அவங்க வக்கீலுக்கு மலையே தேவையில்லை. துளியைப் பிடிச்சுக்கிட்டே வெளிய போயிடுவான்."

அவள் மழைக்கோட்டைப் பற்றிச் சொன்னாள். புள்ளி சார் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை போலிருந்தது.

"நல்ல கோட்டா?" என்று கேட்டார்.

"புதுசு சார்."

"அப்ப சரிதான், அதுலேர்ந்துதான்." அவர் குரலும் ஓய்ந்துபோயிருந்தது. "மறுபடி எடுக்கலாம். உத்தரவு வரட்டும். அதுவரைக்கும் நம்மகிட்ட எந்த எண்ணும் இல்லை. இல்லாத எண்ணை யார்கிட்டயும் சொல்லிடாதே. சொன்னது வெளிய போச்சுன்னா கேஸே நிக்காது, உன் வேலையும் நிக்காது."

"கைக்குழந்தை இருக்கற வீடு சார்."

"எல்லா வீட்லயும் யாரோ இருக்காங்கம்மா."

உத்தரவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அக்கா போன் செய்தபோதெல்லாம் அவள் வேலை இருப்பதாகச் சொன்னாள்.

இரண்டாம் முறை போனபோது வெயில் அடித்தது. கதவைத் திறந்த அக்கா இடுப்பில் குழந்தை.

"வாங்க வாங்க, தண்ணி மகாராணி! போன்ல பேசக்கூட ஆள் வைக்கணுமோ உனக்கு?"

"வேலைக்கா."

"மூஞ்சியைப் பாரு, பிழிஞ்சு போட்ட துணியாட்டம். சாப்பிட்டியாடி?"

குழாய்க்குள் தேங்கியதெல்லாம் போக, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓட விட்ட பிறகுதான் மாதிரி பிடிக்க வேண்டும். கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே போகவில்லை.

"போன தடவை எடுத்தது என்னாச்சு?" என்றாள் அக்கா.

"செல்லாது. மாமா கோட்டுல அதே கெமிக்கல் இருந்திருக்கு. சாட்சி பாட்டில்ல ஒட்டிக்கிச்சு."

அக்கா சிரித்தாள். "நல்லா இருக்குடி! பதினோரு வருஷத்துல எனக்கு ஒரு குடை பிடிச்சதில்லை அந்த மனுஷன். அதிசயமா மச்சினிக்குப் பிடிச்சாரு, அதுவும் கெட்டுப்போச்சு."

பேசிக்கொண்டே கெட்டிலிலிருந்த தண்ணீரைக் குழந்தையின் பால்புட்டியில் ஊற்றினாள். பால்பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

"அக்கா, அதைக் கொட்டிடு."

"கொதிக்க வெச்ச தண்ணிடி."

"கொதிக்க வெச்சா தண்ணிதான் குறையும். அது குறையாது. கொட்டுக்கா."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"முடிவு செல்லாதுன்னே?"

"கேசுக்குச் செல்லாது."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

அவள் பொய் சொல்லப் பார்த்தாள். பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருந்தது.

"மூணு வாரமா."

அக்கா புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். குழந்தை அதைப் பார்த்து அழத் தொடங்கியது. அக்கா சமாதானப்படுத்தவில்லை.

"மூணு வாரமும் இவன் இதைத்தான் குடிச்சான்."

"சொல்லக் கூடாதுக்கா. சொன்னா கேஸ் போயிடும்னாங்க."

"இப்ப சொல்லிட்டியே. பக்கத்து வீட்ல சொன்னியா?"

"இல்லை."

"அந்தப் பொண்ணுக்கு ஏழு மாசம். வயித்துல இருக்கறது அழுதா யாருக்கும் கேக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு நான் அக்கா, சரி. அவளுக்கு யாருடி அக்கா?"

அவள் கொல்லைக்குப் போனாள். புதுக் கையுறையை மாட்டினாள். கிணற்று நீரைப் பிடித்தாள். சாட்சி பாட்டிலை வெட்டவெளியில், பக்கத்தில் யாரும் இல்லாமல் திறந்து ஊற்றி மூடினாள். இந்த முறை எந்தத் தவறும் நடக்கவில்லை. திரும்பும்போது அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், குழந்தை விம்மிக்கொண்டிருந்தது.

பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு பக்கத்து வீட்டை நோக்கி நடந்தாள்.

"பாட்டிலை விட்டுட்டுப் போறியேம்மா" என்றார் டிரைவர் அண்ணன்.

"முதல்ல சொல்லிட்டு வரேன். அப்புறம் எடுக்கலாம்."

"வேலை போயிடும்மா."

"போனா தூங்கலாம் அண்ணே."

"தெரு பூராவுமா?"

"பூராவும்தான்."

அவர் பெருமூச்சு விட்டு, வண்டியின் இஞ்சினை அணைத்தார்.

கதவைத் திறந்த பெண் ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். "மறுபடியுமா? போன தடவை எடுத்தது பத்தலையா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உக்காந்துக்கறீங்களா?"

"நானா? நீங்கதான் விழப்போற மாதிரி நிக்கறீங்க." அந்தப் பெண் வாசலில் கிடந்த நாற்காலியை மூச்சு வாங்க இழுத்து அவள் பக்கம் போட்டாள். "முதல்ல நீங்க உக்காருங்க. அப்புறம் சொல்லுங்க."

அவள் உட்கார்ந்தாள். சொல்லத் தொடங்கினாள்.