கரைப் பக்கக் கயிறு

எங்க அத்தானுக்கு வானிலை ஆபீஸ்ல வேலை. அக்கா புருஷனாச்சே, அவர் சொல்ற மழைதான் எங்க வீட்டுக்கு மழை. அவர் "பெய்யாது"ன்னா நனைஞ்சுகிட்டே தலையாட்டுவோம். அப்படி நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!

எனக்குச் சோறு போடுறது ஒரு படகு. எதிர்க்கரைக்கு ஆள் ஏத்திட்டுப் போவேன். அத்தானும் ஒரு படகு வச்சிருக்கார், லீவு நாள்ல தூண்டில் போட. எங்க துறைக்குக் குளிர்காலப் புயல் புதுசு இல்லை. வருஷா வருஷம் வரும், கடல் பக்கமிருந்துதான் அடிக்கும். அதனால கடல் பக்கம் ரெட்டைக் கயிறு போடுவோம். கரைப் பக்கம் பேருக்கு ஒண்ணு.

அன்னிக்குக் காலையில வானம் ஒரு மாதிரி இருந்துச்சு. குளிர்காலமே இன்னும் பிறக்கலை, கடல் தண்ணி வெதுவெதுன்னு கிடந்துச்சு. மனசு கேக்காம அத்தானுக்குப் போன் போட்டேன்.

"அத்தான், படகை ஓடைக்குள்ள கொண்டு போயிடட்டுமா?"

பாலத்துக்குப் பின்னாடி இருக்கிற ஓடைதான் பத்திரமான இடம். ஒரு படகுதான் உள்ளே நிக்கும்.

"எதுக்கும்மா வீண் அலைச்சல்? வழக்கமா வர்றதுதான். பிசுபிசுன்னு தூறிட்டுப் போயிடும்"னார்.

கொஞ்ச நேரத்துல அக்கா வந்தா. "கூரையைக் கட்டணும்டி, அந்தத் தடிக்கயிறு இருக்கா?"ன்னு கேட்டா. படகுப் பெட்டியில உபரியாக் கிடந்ததைத் தூக்கிக் கொடுத்தேன். அக்காகிட்ட எதுக்குன்னு கேள்வி கேட்போமா?

மத்தியானம் ஆரம்பிச்சுது. எங்க ஊர்ப் புயல் போர்வை மாதிரி, அகலமா மூடிகிட்டு ரெண்டு நாள் முணுமுணுக்கும். இது அந்த ஜாதியே இல்லை. தண்ணியை வாளி வாளியாக் கவிழ்த்துச்சு, எதிர்வீடே தெரியலை. காத்து தகரத்தை எல்லாம் பிச்சு எறிஞ்சுது. ரேடியோவில எச்சரிக்கை வந்தப்போ என் ஜன்னல் போயாச்சு.

அப்புறம் சட்டுனு நின்னுச்சு. வெயில்கூட எட்டிப் பார்த்துச்சு. தலைதெறிக்கத் துறைக்கு ஓடினேன். என் படகு நின்ன இடத்துலயே நின்னுச்சு. அழுகையே வந்துடுச்சு எனக்கு. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பிழைச்சோம்! புயல் போயிடுச்சு!"

"ஐயையோ, வெளியிலயா நிக்கிறே? உள்ளே போடி! இது நடுப்பகுதி, இன்னும் பாதி பாக்கி இருக்கு. இனிமே கரைப் பக்கமிருந்து அடிக்கும். இது சூட்டுக் கடல்ல பிறந்த புயல், நம்மது மாதிரி இல்லை, வேகமெல்லாம் நடுவைச் சுத்தித்தான் இருக்கும்னு அத்தான் காலையிலயே..."

நான் விடலை.

"காலையிலயேவா?"

"ஓடையில ஒரு படகுக்குத்தானேடி இடம்"னா, மெதுவா.

வாயில வந்ததைத் திட்டக்கூட நேரமில்லை. கரைப் பக்கம் இன்னொரு கயிறு போட்டா படகு தப்பிச்சுடும். படகுப் பெட்டியைத் திறந்தேன். காலி. தடிக்கயிறுதான் அக்காகிட்ட போயிடுச்சே! கடல் பக்கத்துக் கயிறு ஒண்ணையாவது மாத்திக் கட்டலாம்னு பார்த்தா, முடிச்சு நனைஞ்சு இறுகிக் கிடந்துச்சு. நகம் பேர்ந்ததுதான் மிச்சம். அதுக்குள்ள கரைப் பக்கம் கருத்துகிட்டு வந்துச்சு.

பாலத்தடியில ஒண்டிகிட்டுப் பார்த்தேன். ஒத்தைக் கயிறு எவ்வளவு நேரம் தாங்கும்? அறுந்துச்சு. படகு திரும்பி, அலைதடுப்புக் கல்லுல மோதி, ரெண்டாப் பிளந்துச்சு.

மறுநாள் ஓடைக்குப் போனேன். அத்தான் படகு ஒரு கீறல் இல்லாம சொகுசா ஆடிகிட்டிருந்துச்சு. கரைப் பக்கம் அதைப் பிடிச்சுகிட்டிருந்தது என் தடிக்கயிறு. அடையாளத்துக்கு நான் நுனியில சுத்தின சிவப்புத் துணிகூட அப்படியே இருந்துச்சு. புயல் செஞ்சதையாவது பொறுத்துக்கலாம்.

அத்தான் என்னைப் பார்த்ததும் என்ஜின் பக்கம் குனிஞ்சுகிட்டார். அக்காதான் கயிறை அவிழ்த்து, அழகாச் சுருட்டி, என் கையில வச்சா.

"இந்தாடி, பத்திரமா இருக்கு. மனசுல வச்சுக்காதே."

"இதால இனி எதைக் கட்டட்டும்க்கா?"ன்னு கேட்டேன்.