பில்ஜேயின் வண்டியிலிருந்து இறங்கியவள்

பில்ஜேயைக் கண்டாலே தோக்சுவுக்கு வயிறு எரியும். இருவருக்கும் ஐம்பத்திரண்டு வயது. தென்கொரியாவின் தோங்யோங் துறைமுகத்தில் ஒரே பள்ளியில் படித்து, ஒரே ஆண்டில் ராணுவத்துக்குப் போய் வந்தவர்கள். தோக்சு கடலில் சிப்பி வளர்க்கிறான். பில்ஜே கரையில் விலாங்கு மீன் சுட்டு விற்கிறான்; அதைத் தின்றால் ஆண்மை கூடும் என்பது ஊர் நம்பிக்கை.

"என் கடை விலாங்கைத் தின்னவன் மறுநாள் நேரத்துக்கு வேலைக்குப் போனதா சரித்திரமே கிடையாது!" என்று அடுப்பு முன்னால் நின்று முழங்குவான். கடையே சிரிக்கும். தோக்சுவும் சிரிப்பான், தட்டைப் பார்த்துக்கொண்டு.

பத்து மாதமாகப் படுக்கையில் அவனால் முடியவில்லை. முதல் தடவை சோஜு சாராயத்தின் மேல் பழியைப் போட்டான். அடுத்த தடவை குளிரின் மேல். அதற்கப்புறம் முதுகுவலி என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தான். லாரிக்காரன் ஒருவன் ரகசியமாய் விற்ற நீல மாத்திரையையும் விழுங்கிப் பார்த்தான். முகம் சிவந்து நெஞ்சு படபடத்ததுதான் மிச்சம்.

மனைவி ஒக்ரான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவனை அரித்தது. பசியோடிருப்பவள் கேட்காமல் இருப்பாளா? வேறெங்கோ பந்தி கிடைத்துவிட்டதோ? பில்ஜே கடைக்குச் சிப்பி கொடுக்கப் போகிறவள் இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புகிறாள். தலைமுடியைப் புதிதாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். யாருக்காக?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கயிறு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவன், எதிரே பில்ஜேயின் வண்டி வந்து நிற்பதைக் கண்டான். முதலில் பில்ஜே இறங்கினான். அடுத்து ஒக்ரான். இருவரும் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அதன் நாலாம் மாடியில் விடுதி இருப்பது ஊருக்கே தெரியும். தோக்சுவின் காதுக்குள் கடல் இரைந்தது. கயிற்றைப் போட்டுவிட்டுப் படியேறினான்.

மூன்றாம் மாடியிலேயே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருவரும் தெரிந்தார்கள். பில்ஜே நாலைந்து ஆண்களுக்கு நடுவே காகிதக் கோப்பையைப் பிடித்தபடி நின்றான். ஒக்ரான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிய பிறகுதான் பலகையைப் படித்தான்: சிறுநீர், ஆண்மைக் கோளாறு மருத்துவமனை.

"இங்க என்னடி பண்றே? அதுவும் இவன்கூட?"

"உங்க பேர்ல நாள் குறிக்கறேன்," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"டேய், கத்தாதே. கஷ்டப்பட்டுப் பிடிச்சது, சிந்திடும்," என்றான் பில்ஜே. "நாலு வருஷமா இங்க வரேன்டா நான். சர்க்கரை. உன்னை மாதிரிதான் எனக்கும் எல்லாம் படுத்துடுச்சு."

"அப்போ விலாங்கு?"

"விலாங்கு விக்க வேணாமா? நீ என் கடையில குடம் குடமாத் தண்ணி குடிச்சே, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பின்பக்கம் ஓடினே. எனக்குத் தெரியாதா? அதான் இவங்ககிட்ட கேட்டேன். அழுதுட்டாங்க."

தோக்சு மனைவியைப் பார்த்தான். "இவன் முன்னாடி அழுதியா?"

"உங்க முன்னாடி அழணும்னா நீங்க என் பக்கம் திரும்பிப் படுக்கணுமே."

அவள் பில்ஜேயோடு படுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அந்த நிமிடம் அவனுக்குப் பட்டது. தன்னிடம் ஒருநாளும் காட்டாத கண்ணீரை இந்த விலாங்குக்காரனிடம் காட்டியிருக்கிறாள்.

வரவேண்டிய ஒருவர் வராததால் அன்றைக்கே அவனை உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் கூச்சமில்லாமல் கேட்டார். விடியற்காலையில் தானாக எழும்புகிறதா? எத்தனை சிகரெட்? ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை எக்கச்சக்கம்.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நாப்பது தாண்டின ஆம்பளைங்க நிறையப் பேருக்கு இருக்கு," என்றார். "அந்த இடத்து ரத்தக்குழாய் நெஞ்சுல இருக்கறதைவிட மெல்லிசு. அடைப்பு அங்கதான் முதல்ல தெரியும். சில பேருக்கு அது நெஞ்சுவலிக்கு முன்னால வர்ற எச்சரிக்கை. லாரிக்காரன் மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. இதயத்தைப் பாத்துட்டு, தாங்கும்னா நானே சரியான மாத்திரை தரேன்."

சர்க்கரைக்கு மருந்து, சிகரெட்டுக்கு முழுக்கு, தினம் சாயங்காலம் ஒக்ரானோடு குன்றின் மேல் நடை. இலையுதிர் காலம் வந்தபோது படுக்கையில் சில நாள் முடிந்தது, சில நாள் முடியவில்லை. முடியாத நாளில் அவளிடம் சொல்லிவிடப் பழகினான். ஆனாலும் அந்தக் கண்ணீர் மட்டும் தொண்டையில் முள்ளாய் நின்றது. ஒருநாள் ஏற்றத்தில் நின்று கேட்டேவிட்டான்.

"பில்ஜேகிட்ட என்னன்னு சொல்லி அழுதே?"

ஒக்ரான் மூச்சு வாங்கினாள். "உங்களுக்கு யோசு ஊர்ல ஒருத்தி இருக்கான்னு."

"எனக்கா?"

"குஞ்சு சிப்பி வாங்கறேன்னு மாசத்துக்கு ரெண்டு தடவை போனீங்களே. சட்டைப் பையெல்லாம் தேடினேன். அவளுக்காகத்தான் முடியைச் சுருட்டினேன், தெரியுமா?"

"அவளுக்கு என்ன வயசுன்னு நெனச்சே?"

"நாப்பது. சிவப்பா, ஒல்லியா." இப்போதும் அவள் குரலில் எரிச்சல் இருந்தது.

தோக்சு சிரித்தான். முடியாமல் கிடந்த தன்னையும் ஒருத்தி சந்தேகப்பட்டிருக்கிறாள்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு மிச்ச ஏற்றத்தையும் ஏறினான்.